வண்டி வரும் வரை: தன்னார்வ மருத்துவர் என்னதான் செய்கிறார்?

போன ஆவணியில் ஒரு சாயங்காலம், மேலூர் போகிற நான்குவழிச் சாலையில் ஒரு விலக்கில் டீ குடித்துக்கொண்டு நின்றேன். ஊருக்குள் திரும்பிய ஒரு எக்செல் வண்டியை லோடு வேன் ஒன்று உரசிவிட்டுப் போய்விட்டது. ஓட்டி வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். வண்டியில் கட்டியிருந்த புல்லுக்கட்டு ஒரு பக்கம் கிடந்தது, அவர் ஒரு பக்கம் கிடந்தார். தொடை கிழிந்து ரத்தம் கொப்பளித்தது. ஆளுக்கு நினைவில்லை. தொண்டையிலிருந்து குறட்டை மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

பின்னால் வந்த காரை நிறுத்திவிட்டு ஒருவர் இறங்கினார். பக்கத்து ஊரில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர், டீக்கடை அண்ணனுக்குத் தெரிந்தவர். ஆளைத் தூக்கப் போனவர்களைக் கையை நீட்டித் தடுத்தார். தலைமாட்டில் மண்டி போட்டு, தலையை அசையவிடாமல் இரண்டு கைகளாலும் பிடித்து, தாடையை மட்டும் முன்னால் தள்ளினார். குறட்டைச் சத்தம் நின்று மூச்சு சீராக ஓட ஆரம்பித்தது. ஒரு பையனின் தோள் துண்டை வாங்கி மடித்து, "இத தொடையில வச்சு உன் முழு பலத்தையும் போட்டு அமுக்கு தம்பி, நான் சொல்ற வரைக்கும் எடுத்துப் பாக்கக் கூடாது" என்றார். என்னை 108-க்குப் பேசச் சொன்னார். இன்னொருவரை, வருகிற வண்டிகளை ஒதுக்கிவிடச் சாலையில் நிறுத்தினார். அப்புறம் ஆம்புலன்ஸ் வரும்வரை, பதினேழு நிமிடம், அதே இடத்தில் அதே தாடையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: "டாக்டருன்னு சொன்னாய்ங்க, ஒரு ஊசி கூடப் போடல. சும்மா தலையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துருக்காரு."

அந்தப் பேச்சுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். 'தன்னார்வ மருத்துவர்' என்றாலே பலருக்கு இலவச முகாம்தான் நினைவுக்கு வருகிறது. சிலர், டாக்டர் வந்துவிட்டால் ஆம்புலன்ஸ் எதற்கு என்கிறார்கள். டாக்டரே வந்தும் பிழைக்கவில்லையே என்று அவர் மேலேயே பாய்கிறவர்களும் உண்டு. அவசர நேரத்தில் ஓடிவரும் மருத்துவர் என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது என்பது தெரிந்தால் இந்தக் குழப்பம் வராது.

கண்மாய் உடைப்பு

ஐப்பசி மழையில் கண்மாய்க் கரை உடைந்தால் நம் ஊரில் என்ன நடக்கும்? ஊரே மண்வெட்டியோடு ஓடும். பொதுப்பணித்துறை ஆட்களும் இயந்திரமும் மதுரையிலிருந்து வந்து சேர நேரமாகும். அதுவரை ஊரில் அனுபவமுள்ள ஒரு பெரியவர், நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர், உடைப்பின் எந்த ஓரத்தில் முதல் மணல் மூட்டையைப் போட வேண்டும் என்று காட்டுவார். கரையை அவர் சரிசெய்துவிடப் போவதில்லை, அது பிறகு நடக்கும் வேலை. இரண்டடி உடைப்பு இருபதடி ஆகாமல் பார்த்துக்கொள்வார். அதற்குள் இருபதடி ஆகிவிட்டால், பின்னால் எத்தனை இயந்திரம் வந்தாலும் வயல் போனது போனதுதான்.

தன்னார்வ மருத்துவரின் வேலையும் இதேதான். சாலையில் விழுந்தவருக்கு அவர் முழு வைத்தியம் பார்ப்பதில்லை. உடைப்பு அகலாமல் தடுக்கிறார். விழுந்த நொடிக்கும் ஆம்புலன்ஸ் வரும் நொடிக்கும் இடையே கிடக்கும் நேரம்தான் அவருடைய களம்.

மூச்சு, ரத்தம், துடிப்பு

அந்த இடைவெளியில் உயிர் போகும் வழிகள் பெரும்பாலும் மூன்று.

முதலாவது மூச்சு. நினைவிழந்து மல்லாந்து கிடப்பவருக்கு நாக்கு தளர்ந்து பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். அன்றைக்குக் கேட்ட குறட்டைச் சத்தம் அதுதான். தாடையை முன்னால் தள்ளினால் நாக்கும் கூடவே வந்து வழி திறக்கும். கையை எடுத்தால் மறுபடி அடைத்துக்கொள்ளும். அதனால்தான் அவர் பதினேழு நிமிடம் கையை எடுக்கவில்லை. ஊசி போடவில்லை என்று குறைப்பட்டவர் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு உயிரைப் பிடித்து வைத்திருந்த கைகளை.

இரண்டாவது ரத்தம். பெரியவர்கள் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போகும் அளவுக்கு வெளியேறிவிடும். இதற்கு முதல் மருந்து அழுத்தம். சுத்தமான துணி, அதன் மேல் உள்ளங்கை, விடாத அழுத்தம். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒரு தடவை துணியைத் தூக்கிப் பார்த்தால், உறையத் தொடங்கிய ரத்தம் கலைந்து மறுபடி பீறிடும்.

மூன்றாவது துடிப்பு. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அதிகமாகக் குழப்பிக்கொள்வது இங்கேதான்.

மாரடைப்பும் இதய நிறுத்தமும் ஒன்றல்ல

மாரடைப்பு என்றால் இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு. இதயம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேசுவார், வியர்ப்பார், சில சமயம் நடந்தே ஆஸ்பத்திரிக்கு வருவார். இதய நிறுத்தம் என்றால் இதயம் ரத்தத்தைத் தள்ளுவதையே நிறுத்திவிடுவது. ஆள் அப்படியே சரிவார், கூப்பிட்டால் பதில் இருக்காது. மாரடைப்பு முற்றி இதய நிறுத்தத்தில் போய் முடியலாம், ஆனால் இரண்டும் வேறு.

பம்புசெட் வைத்திருப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். குழாயில் அடைப்பு விழுந்தாலும் மோட்டார் ஓடும். இன்னொரு கோளாறு உண்டு: மோட்டார் 'உம்ம்ம்' என்று நடுங்கும், ஆனால் சுற்றாது, தண்ணீர் ஏறாது. திடீர் இதய நிறுத்தம் பலருக்கு இப்படித்தான் தொடங்குகிறது. இதயம் முழுதாக அடங்கியிருக்காது, ஒழுங்கில்லாமல் நடுங்கிக்கொண்டிருக்கும். அந்த நடுக்கத்தை ஒரு மின் அதிர்ச்சி கொடுத்து நிறுத்தினால், இதயம் தன் பழைய தாளத்தைத் தானே பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதைச் செய்யும் கையடக்கக் கருவிக்கு ஏ.இ.டி. என்று பெயர். நெஞ்சில் ஒட்டினால் துடிப்பை அதுவே படித்து, அதிர்ச்சி தேவையா இல்லையா என்று அதுவே சொல்லும்.

கருவி வரும்வரை? நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்கி அமுக்கி விட வேண்டும். இதுதான் சி.பி.ஆர். நின்றுபோன பம்பைக் கையால் இறைப்பது போன்ற வேலை. மூளைக்குக் கொஞ்சமாவது ரத்தம் போய்க்கொண்டிருக்கும். இதுவும் இல்லையென்றால் நாலைந்து நிமிடத்திலேயே மூளை சேதமாகத் தொடங்கும். சி.பி.ஆரும் மின் அதிர்ச்சியும் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. பத்து நிமிடம் என்றால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. இதயம் நின்றவர் உடனே அடங்கிக் கிடப்பார் என்று நினைக்காதீர்கள். முதல் சில நிமிடங்களுக்கு, கரையில் போட்ட மீன் மாதிரி, விட்டுவிட்டு வாயைத் திறந்து மூச்சை இழுக்கலாம். கூட்டம் அதைப் பார்த்து "மூச்சு இருக்குப்பா, ஒண்ணும் இல்ல" என்று நின்றுவிடும். அது மூச்சு அல்ல. கூப்பிட்டும் தட்டியும் எழாதவர், சீராக மூச்சு விடாதவர் என்றால் நெஞ்சை அமுக்கத் தொடங்கிவிட வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரியாததால் கைவிட்டுப் போகும் உயிர்களை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

ஆக இதுவரை: மூச்சு வழி, ரத்தப்போக்கு, இதயத் துடிப்பு என மூன்று இடங்களில் உடைப்பு விழலாம். மூன்றிலும் முதல் வேலை கையால் செய்வதுதான். மருந்து பிறகு.

நல்ல மனம் மட்டும் போதாது

சரி, வழியில் போகிற டாக்டர்கள் எல்லாரும் நின்று உதவினால் போதுமா? போதாது. அன்றைக்கு அந்த டாக்டர் வந்தது தற்செயல். அரை மணி முன்னால் போயிருந்தால் அவருக்குத் தெரிந்தே இருக்காது. இந்தத் தற்செயலை ஏற்பாடாக மாற்றுவதைத்தான் தன்னார்வ மருத்துவர் அமைப்பு என்கிறோம்.

இதற்கு நன்கு தெரிந்த உதாரணம் பிரிட்டனில் இருக்கிறது. வடக்கு யார்க்‌ஷயரில் கென்னத் ஈஸ்டன் என்ற குடும்ப மருத்துவர், சாலை விபத்துகளில் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்பே ஆட்கள் இறந்துபோவதைப் பார்த்து, 1967-இல் உள்ளூர் மருத்துவர்களைச் சேர்த்து ஒரு ஏற்பாடு செய்தார். விபத்து என்றால் ஆம்புலன்ஸோடு சேர்ந்து அவர்களுக்கும் தகவல் போகும். இது மற்ற ஊர்களுக்கும் பரவி, 1977-இல் பேசிக்ஸ் என்ற சங்கமானது. இன்றும் அங்கே கிளினிக் நடத்தும் மருத்துவர்கள், தங்கள் ஓய்வு நேரத்தில், சம்பளம் வாங்காமல் இப்படிப் போகிறார்கள்.

இந்த ஏற்பாட்டின் உயிர் அந்தத் தகவல்தான். அவசர அழைப்பை எடுப்பவர் கையில், இன்றைக்கு எந்த மருத்துவர் எந்த ஊரில் இருக்கிறார் என்ற விவரம் இருக்கும். எல்லா அழைப்புக்கும் அவரைக் கூப்பிட மாட்டார்கள். ஆம்புலன்ஸ் வர நேரமாகும், நிலைமை மோசம் என்று தெரிந்தால்தான் கூப்பிடுவார்கள். வருகிறவர் உண்மையில் மருத்துவர்தானா என்பதை முன்கூட்டியே சரிபார்த்திருப்பார்கள். பிறகு பயிற்சி. டாக்டர் என்றால் எல்லாம் தெரியும் என்று நாம் நினைக்கிறோம். இருபது வருடம் தோல் நோய் மட்டும் பார்த்த ஒருவருக்கு, இருட்டில், சாலையோரத்தில், நசுங்கிய காருக்குள் இருக்கும் ஆளைக் கையாளத் தெரியுமா? அது தனிப் பயிற்சி. ஆஸ்பத்திரியில் பக்கத்தில் நர்ஸ் இருப்பார், வெளிச்சம் இருக்கும், கை நீட்டினால் கருவி வரும். சாலையில் பை ஒன்றுதான்.

அந்தப் பையும் எல்லாரிடமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் ஊர்ப்புறத்து மருத்துவர்களுக்கும் நர்ஸ்களுக்கும் சாண்ட்பைப்பர் என்ற பெயரில் ஒரே மாதிரியான பையைக் கொடுக்கிறார்கள். மூச்சு வழிக்கு வேண்டியது, ரத்தத்தை நிறுத்த வேண்டியது, அவசர மருந்துகள் எல்லாம் அடங்கிய பை. சாலையில் விரைய பிரிட்டனில் மருத்துவர்கள் காரில் பச்சை விளக்கு வைத்துக்கொள்ளலாம். அந்த விளக்கு 'தயவுசெய்து வழி விடுங்கள்' என்ற வேண்டுகோள் மட்டும். சிக்னலை மீறும் உரிமையை அது தருவதில்லை. உதவப் போகிறவர் வழியில் இன்னொரு விபத்தை உண்டாக்கிவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு நடக்கும்போது வாடிவாசலுக்குப் பக்கத்தில் மருத்துவக் குழு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். குத்துப்பட்டவருக்கு அங்கேயே முதலுதவி செய்து, மோசமாக இருந்தால் ராஜாஜி அரசு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அது அரசுப் பணி. ஆபத்து எங்கே, எப்போது என்று முன்பே தெரிந்த இடத்தில் ஆளை நிறுத்துவது. ஆபத்து எங்கே வரும் என்று தெரியாத மற்ற 362 நாட்களுக்கும் ஊர்களுக்கும்தான் தன்னார்வ மருத்துவர். இரண்டும் வேண்டும்.

சுருக்கமாக: தகவல் வருவது, ஆளைச் சரிபார்த்திருப்பது, பயிற்சி, பை, ஆம்புலன்ஸோடு இணைப்பு. இவை இருந்தால்தான் அமைப்பு. இல்லாவிட்டால் கூட்டத்தில் நிற்கும் நல்ல மனிதர்களில் அவரும் ஒருவர்.

அவர் வந்தால் ஆம்புலன்ஸ் வேண்டாமா?

கட்டாயம் வேண்டும். தமிழ்நாட்டில் 2008-லிருந்து ஓடிக்கொண்டிருக்கும் 108 வண்டியில் ஆக்சிஜன், ஸ்ட்ரெச்சர், பயிற்சி பெற்ற அவசர மருத்துவ உதவியாளர் எல்லாம் உண்டு. எல்லாவற்றையும் விட, ஆளைப் படுக்கவைத்தபடி கொண்டுபோக முடியும். டாக்டரின் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு போவது உதவி அல்ல. கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்தத் தூக்கலிலேயே கைகால் விளங்காமல் போகலாம்.

மருத்துவர் இருப்பதால் கூடுதலாகக் கிடைப்பது முடிவெடுக்கும் திறன். சர்க்கரை தாழ்ந்து மயங்கியவருக்கு ரத்தக்குழாய் வழியாக குளுக்கோஸ் ஏற்றினால் சில நிமிடத்தில் கண் திறப்பார். குளவி கொட்டி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சுக்குத் திணறுபவருக்கு அட்ரினலின் ஊசி உயிர் காக்கும். எந்த ஆஸ்பத்திரி என்ற முடிவும் அவருடையது. வாய் கோணி ஒரு கை விழுந்துவிட்டதென்றால் பக்கவாதம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் தலையை ஸ்கேன் எடுத்தாக வேண்டும். ஸ்கேன் இல்லாத பக்கத்து ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்தால் அந்த நேரம் திரும்பி வராது. பாம்புக்கடி என்றால் கயிற்றால் இறுக்கிக் கட்டாமல், கீறாமல், கடிபட்ட இடத்தை அசைக்காமல், விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும். வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்றால் அறுவை அரங்கு இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். அதை அவரால் சாலையில் நிறுத்த முடியாது, எந்த மருத்துவராலும் முடியாது.

ஒரு பஸ் கவிழ்ந்தால் இன்னொரு வேலை சேரும். யாரை முதலில் அனுப்புவது என்று தரம் பிரிப்பது. இதை ட்ரையாஜ் என்பார்கள். பார்க்கிறவர்களுக்கு இது கல்நெஞ்சாகத் தெரியும். கத்திக்கொண்டிருப்பவரை விட்டுவிட்டு, சத்தமில்லாமல் கிடப்பவரிடம் போவார். கத்துகிறவருக்கு மூச்சு ஓடுகிறது. சத்தமில்லாதவரைப் பற்றித்தான் கவலை.

போலீஸ், கோர்ட்டு என்ற பயம்

"நமக்கெதுக்கு வம்பு" என்று விலகுவதில் பொதுமக்களும் டாக்டர்களும் ஒன்றுதான். சட்டம் என்ன சொல்கிறது? விபத்தில் அடிபட்டவருக்கு உடனே சிகிச்சை கொடுப்பது அரசு, தனியார் என்ற பேதமில்லாமல் ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. போலீஸ் நடைமுறைக்காகக் காத்திருக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 134ஏ பிரிவு, பலன் எதிர்பாராமல் நல்லெண்ணத்தில் விபத்து இடத்தில் உதவுகிறவரை 'நல்ல சமாரியர்' என்று சொல்லி, அவர் செய்த உதவியில் தவறு நேர்ந்து ஆள் இறந்தாலும் அவர் மேல் வழக்கு இல்லை என்கிறது. பெயர், முகவரி கொடுக்கச் சொல்லியும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. இந்தப் பாதுகாப்பு வாகன விபத்துக்கானது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

செலவைப் பற்றிய பயத்துக்கும் பதில் உண்டு. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் கட்டுகிறது. கொண்டுபோய்ச் சேர்த்தவர் தலையில் விழாது.

சாவியும் சோடாவும்

கடைசியாகக் கூட்டம். மாட்டுத்தாவணியில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் நொடியில் பத்து சாவிக்கொத்து நீளும். இரும்பைக் கையில் கொடுத்ததும் வலிப்பு நின்றதைப் பலர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள், அதனால் நம்புகிறார்கள். பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக நிற்கும். சாவியைத் தேடி எடுக்க அந்த நேரம் ஆகிவிடுகிறது, பெயர் சாவிக்குப் போகிறது. வேண்டியது, தலை மோதாமல் பார்த்துக்கொள்வதும், ஒருக்களித்துப் படுக்கவைப்பதும்தான். ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் அது அவசரம். மயங்கியவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகும். பாசத்தில்தான் ஊற்றுகிறார்கள், ஆனால் மருத்துவர் வந்ததும் முதலில் அதைத்தான் உறிஞ்சி எடுக்க வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு ஆம்புலன்ஸ் வந்ததும் டாக்டர் எழுந்திருக்கவில்லை. தாடையைப் பிடித்தபடியே சொன்னார்: எத்தனை மணிக்கு அடிபட்டது, அப்போதிலிருந்து நினைவில்லை, மூச்சு வழி அடைத்தது, தாடையைத் தள்ளியதும் சரியானது, இடது தொடையில் ரத்தம், துணியை இன்னும் எடுக்கவில்லை, மருந்து எதுவும் கொடுக்கவில்லை. அவ்வளவுதான். உதவியாளர் கழுத்துப் பட்டையை மாட்டி, தாடையைத் தன் கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான் அவர் கையை எடுத்தார். இதற்குக் கையளிப்பு என்று பெயர். இது ஒழுங்காக நடக்காவிட்டால், அதுவரை பார்த்த வேலையில் பாதி வீண். எழுந்து நின்றவரின் விரல்கள் மடங்க மறுத்தன. கையை உதறி உதறிவிட்டார்.

போகும் முன் டீக்கடை அண்ணனிடம், "இந்த இடத்த 108-ல எப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டார். பேசியது நான்தான். எந்தக் கிலோமீட்டர் கல், எந்தப் பக்கத்து ரோடு என்று தெரியாமல் முதல் இரண்டு நிமிடம் நான் தடுமாறியதைச் சொன்னேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. அண்ணனிடம் சாக்பீஸ் வாங்கிக்கொண்டார்.

இப்போது அந்தக் கடையில் டீ, வடை விலை எழுதிய பலகைக்குக் கீழே மூன்று வரி இருக்கிறது. விலக்கின் பெயர், கிலோமீட்டர் கல் எண், 'மேலூர் போகும் பக்கம், அய்யனார் கோயில் எதிரே'. மழையில் அழியும்போதெல்லாம் அண்ணன் திரும்ப எழுதிவிடுகிறார்.